ஐந்தாம் திகதிக்கு முன் ஒரு பர்கர்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து மழை. தைத்துக் கொடுக்க வேண்டிய பாடசாலைச் சட்டைகள் மூன்று வெட்டிய துணியாகவே கிடக்கின்றன. இவர் வீட்டில் இருந்தால் எனக்கு மெஷினில் உட்கார மனம் வருவதில்லை, சத்தம் தொந்தரவாக இருக்குமோ என்று. பதினான்கு வருடமாகச் சவூதியில் இருக்கிற மனுஷன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அறுபது நாள் லீவில் வருகிறார். அந்த அறுபது நாளும் இது வேறு யாருடைய வீடோ மாதிரி ஆகிவிடுகிறது.

பகல் சாப்பாட்டில் றிஸ்னி கேட்டாள், "வாப்பா, தம்மாம்ல பர்கர் கடையிலதானே இருக்கீங்க? எங்களுக்கு ஒரு தடவ கூட செஞ்சு தந்ததில்லையே."

இவர் சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார், "லீவுலயும் அதையா மகள்? அந்த வாசனைய மறக்கத்தானே ஊருக்கு வாறேன்."

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. பதினேழு வயது, ஆனாலும் வாப்பா விஷயத்தில் மூன்று வயதுதான். இவர் முதல் தடவை போகும்போது அவளுக்கு அந்த வயது. "நான் செஞ்சு தாறேன்" என்று சொல்லிவிட்டேன். பர்கரை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. வாய்க்கு என்ன, முந்திக்கொண்டு போகும்.

செப்டெம்பர் ஐந்தோடு இவருடைய விசா முடிகிறது. அதற்குள் திரும்பிப் போகாவிட்டால் அந்த வேலை போனதுதான். வந்த முதல் வாரம் தேத்தண்ணி குடிக்கும்போது, "இதோட போதும் போல இருக்கு" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். நான் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஏன் போனேன்?

ஆகஸ்ட் 4, திங்கள்

அந்தப் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதவே சிரிப்பும் எரிச்சலுமாக இருக்கிறது.

நப்ரீஸ் நானாவின் கடையில் அரைக் கிலோ இறைச்சியை மெஷினில் அரைத்து வாங்கி வந்தேன். வழக்கம் போல, "கொழுப்பு ஒரு பொட்டும் வரக்கூடாது" என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் வடிதட்டில் போட்டு, மஞ்சள் தூள் தூவி, மூன்று தண்ணீரில் கழுவினேன். தண்ணீர் தெளிவாக வரும் வரை விடவில்லை. இரத்தம் போகக் கழுவாமல் என் உம்மா ஒரு நாளும் சட்டியில் இறைச்சி போட்டதில்லை, நானும் போட்டதில்லை. பிறகு வெங்காயம், மிளகுத்தூள், ஒரு முட்டை. தட்டையாகத் தட்டி ரொட்டிக்கல்லில் போட்டேன்.

போட்ட உடனே தண்ணீர் விட்டது. புரட்டப் போனால் நாலாக உடைந்தது, இன்னொரு தடவை புரட்டினால் நாற்பதாக. கல்லில் பர்கர் இல்லை, சாம்பல் நிறத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

றிஸ்னி எட்டிப் பார்த்து, "உம்மா, பர்கர் பணிஸ் வேணாம், ரொட்டிய வெட்டிப் போடுங்க, கொத்து ரொட்டியா சாப்பிடலாம்" என்றாள். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் குசினி வாசலில் வந்து நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு முன்னறைக்குப் போய்விட்டார். அந்தக் கிளறலைப் பணிஸுக்குள் வைத்துக் கொடுத்தேன். ஒரு துகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எந்த விருந்தாளியும் அப்படித்தானே சாப்பிடுவான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

போயா நாள், பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக் கடைகள் மூடல். சட்டைகள் இரண்டை முடித்தேன்.

இவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் என்னிடம், "சீனி எங்க வெச்சிருக்க?" என்று கேட்டார். பதினான்கு வருடத்தில் இந்தக் குசினி இரண்டு தடவை மாறிவிட்டது. நான் எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன். இடத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உண்மையை இங்கேயாவது எழுத வேண்டும். கூரைத் தகடு பறந்த வருடம் ஆள் பிடித்து மாற்றியது நான். பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் போனது நான். இவருடைய உம்மா மௌத்தானபோது இவர் போனில் அழுதார், நான் இங்கே நின்று அடக்கம் வரை எல்லாம் செய்தேன். இவர் இங்கேயே இருந்துவிட்டால் நான் எங்கே இருப்பேன் என்று ஒரு நினைப்பு வருகிறது. இருந்தால் போதும் என்று துஆ கேட்பதும் நான்தான். இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாவது முயற்சி. இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று அவித்த உருளைக்கிழங்கும் இரண்டு கை ரஸ்க் தூளும் சேர்த்தேன். உடையவில்லை. ஆனால் றிஸ்னி ஒரு கடி கடித்துவிட்டு, "உம்மா, இது கட்லட்" என்றாள். பெருநாளைக்குச் செய்கிற அதே கட்லட், கொஞ்சம் தட்டையாக.

அப்போதுதான் இவர் வாசலில் நின்றபடி கேட்டார், "அரைச்ச பொறகு கழுவுனியா?"

"கழுவாம? இறைச்சிய கழுவாம எப்படி வாயில வைக்கிற?"

"துண்டா இருக்கும்போது கழுவு. நல்லா வடிய விடு, துணியால ஒத்தி எடு. அப்புறம் அரை. அரைச்சதக் கழுவினா அதுட பிடிப்பெல்லாம் தண்ணியோட போயிரும், பொறகு எத்தனை முட்டை ஊத்தினாலும் ஒட்டாது." கொஞ்சம் நிறுத்தி, "கொழுப்பையும் எடுக்கச் சொல்லியிருப்ப" என்றார்.

"ஆமா."

"அதான்."

புதன்கிழமையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "உன் குசினி. நான் என்ன சொல்றது" என்றார். குத்திச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா? முகத்தைப் பார்த்தால் உண்மை மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு பேரும் சேர்ந்து இறைச்சிக் கடைக்கு நடந்து போனோம். சந்தைப் பக்கம் நான் இவரோடு நடந்து எத்தனை வருடம்! நான் வழக்கமான என் வேகத்தில் நடந்தேன், இவர் பின்தங்கிவிட்டார். நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

இவர் நெஞ்சுப் பக்கத்திலும் தோள் பக்கத்திலும் துண்டு காட்டி, "கொழுப்போட வெட்டுங்க, நாலுல ஒரு பங்கு கொழுப்பு வேணும்" என்றதும் நப்ரீஸ் நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பவாஸ், நீங்க வேற! இந்த ராத்தா ஒரு நாள் ஒரு துளி கொழுப்பு கூடிப்போச்சுன்னு பையோட திருப்பிக் கொண்டாந்தவங்க." கடையே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அது உண்மை.

துண்டுகளை நான்தான் கழுவினேன், அந்த உரிமையை விடவில்லை. ஈரம் ஒத்தி எடுத்து, றிஸ்னி கைமெஷினைச் சுற்ற அரைத்தோம். அதுவரை பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். முழங்கை வரை கையைக் கழுவி, ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார். கை சூடாக இருந்தால் கொழுப்பு உருகிவிடுமாம். நான் ரொட்டி மாவு மாதிரிப் பிசைவேன் அல்லவா, இவர் பிசையவே இல்லை. அள்ளினார், உருட்டினார், தட்டினார். நடுவில் பெருவிரலால் ஒரு பள்ளம். உப்பும் மிளகும் கல்லில் போடுகிற நேரம்தான். நான் ஒன்று தட்டி முடிக்கும்போது இவர் எட்டு தட்டி வரிசையாக வைத்திருந்தார்.

கல்லில் போட்டுவிட்டு அசையாமல் நின்றார். நான் கரண்டியால் அமுக்கப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். "சாறு போயிரும். விடு." புரட்டியபோது ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகி மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே சிவப்பு இல்லாமல் முழுதாக வேக வேண்டும் என்று ஒன்றை வெட்டிக் காட்டினார். வெங்காய வளையம், தக்காளி, கல்லிலேயே வாட்டிய பணிஸ்.

றிஸ்னி இரண்டு சாப்பிட்டாள். நான் சாப்பிட்டதைப் பற்றி என்ன எழுதுவது? முழங்கை வரை சாறு வடிந்தது. நாற்பத்து மூன்று வயதுப் பொம்பிளை சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தேன்.

இவர் முதலில் வேண்டாம் என்றார். பிறகு என் தட்டிலிருந்து பாதியை எடுத்துக்கொண்டார்.

அப்போது இவர் கையைப் பார்த்தேன். முன்கையின் உள்பக்கம் முழுவதும் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு லீவிலும் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, அடுப்பு" என்றார், அதோடு விட்டுவிட்டேன். இன்று மறுபடி கேட்டேன். முதல் மூன்று வருடம் சமைக்கவே விடவில்லையாம், சூட்டோடு சூடாகக் கல் சுரண்டுகிற வேலை மட்டும்தானாம். இது எனக்குத் தெரியாது. எங்களுக்குக் கடையில் பெரிய குக் என்றுதான் சொல்லியிருந்தார். நானும் ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பக்கத்து வீட்டு நிரஞ்சலா டீச்சர் வாசனை பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். இவர் மறுபடி செய்துகொண்டிருந்தார், யாரும் சொல்லாமலே. டீச்சர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் லய வீட்டுக்குப் பின்னால் அவருடைய அம்மா பசு வளர்த்தவர். "அந்தப் பாலை வித்துத்தான் நான் படிச்சேன், எனக்கு அது முடியாதுங்க" என்று சிரித்தபடி சொன்னார். இவர் ஒன்றும் கேட்காமல் புதுத் தாச்சிச் சட்டியை எடுத்து, முட்டையும் வெங்காயமும் வேறாகப் பொரித்து, பணிஸில் வைத்துக் கொடுத்தார். டீச்சருக்கு அது பெரிய சந்தோஷம்.

அவர் சும்மாதான் கேட்டார், "பவாஸ் நானா எப்ப போறாரு?"

"அஞ்சாந்திகதி" என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போல, டக்கென்று.

இவர் கல்லுப் பக்கம் திரும்பி நின்றார். தோள் அசையவே இல்லை. கேட்டிருக்கும்.

டீச்சரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். மெதுவாகக் கேட்டார், "நிக்கச் சொல்லலையா நீங்க?"

"அவருக்குத்தானே வேலை. நான் எப்படிச் சொல்றது?"

"நீங்க சொல்லாம வேற யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சின்ன வகுப்புப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பயணச் சாமான் லிஸ்ட் எழுதத் தொடங்கினேன். மாசிச் சம்பல், வறுத்த கறித்தூள், தேயிலை. கை தானாக எழுதுகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

றிஸ்னியின் டியூஷன் வகுப்பில் சனிக்கிழமை பிரியாவிடை விழா. நாற்பது பர்கர் கேட்டிருக்கிறார்கள், பத்து முட்டை, முப்பது இறைச்சி. எங்களைக் கேட்காமலே மகள் ஒப்புக்கொண்டுவிட்டாள். "வாப்பாக்கு இது ஒரு மணித்தியால வேலை" என்கிறாள். இவர் திட்டுவார் என்று பார்த்தேன். பேக்கரியில் இனிப்பில்லாத பணிஸ் சொல்லி வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 30, சனி

கால் வலி. ஆனாலும் எழுத வேண்டும்.

விடியச் சுபஹ் தொழுததும் தொடங்கினோம். என் குசினி இரண்டு பேருக்கு ஆகாது. "தள்ளு", "கல்லு பின்னால", "தட்டு" என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகக் கத்துகிறார். அங்கே அப்படித்தானாம். என் மிளகுத்தூள் போத்தலை அடுப்புக்கு இடது பக்கம் மாற்றி வைத்தார். நான் வலது பக்கம் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் மறுபடி இடது பக்கம். எரிச்சல் வந்தது. அதே நேரம் இன்னொன்றும் பார்த்தேன் – இந்த மனுஷனை இத்தனை வருடத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை. முன்னறை நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்காரத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர், இங்கே கையும் காலும் எங்கே வைப்பது என்று தெரிந்து நிற்கிறார்.

பதினொரு மணிக்கு நாற்பதும் முடிந்தது. ஒன்று கூட உடையவில்லை.

பின்னேரம் ஒரு பிள்ளையின் தாய் போன் எடுத்தார். செப்டெம்பர் பதின்மூன்றாம் திகதி அவர்கள் வீட்டில் விசேஷம், அறுபது வேண்டும் என்றார். இவர் போனை என் பக்கம் நீட்டி, "அவகிட்ட கேளுங்க" என்றார். பதின்மூன்று. ஐந்துக்குப் பிறகு எட்டு நாள்.

"பாத்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கல்லைக் கழுவப் போனேன். ஸவாஹிரா, உனக்கு வேறு வேலையே இல்லையா, எப்போதும் எதையாவது கழுவிக்கொண்டு!

செப்டெம்பர் 2, செவ்வாய்

அலுமாரிக்கு மேலே இருந்த சூட்கேஸை இறக்கினேன். கட்டிலில் விரித்து வைத்துச் சட்டைகளை மடித்து அடுக்கினேன். இவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏழு தடவ பாத்துட்டேன்" என்றார்.

"எத?"

"நீ இந்தப் பெட்டி அடுக்குறத. என்ன ஒரு வேகம். ஒரு தடவ கூட உன்ட கை நிக்கல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. இவளுக்கு நான் போனாத்தான் லேசு, வீடு அவட வீடாயிரும்னு நெனச்சிக்குவேன். எயார்போர்ட் வரைக்கும் அதையே நெனச்சிக்கிட்டுப் போவேன்."

சட்டை கையில் இருக்க, அடுக்குவதை நிறுத்தினேன். என்ன சொல்கிறார் இவர்?

பயணம் போகிறவனுக்கு முன்னால் பொம்பிளை அழக்கூடாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் தடவை இவர் போன அன்று என் உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய், "முகத்த சரியா வெச்சிக்க, அழுதா போற எடத்துல அவனுக்கு மனசு நிக்காது" என்றார். வாசலில் வேன் நின்றது. அன்றைக்குப் பழகியதுதான். வேகமாக அடுக்கினால் அழுகை வராது. மெதுவாக ஒரு சட்டையை மடித்தால் போதும், அவ்வளவுதான், உடைந்துவிடுவேன். வேன் திரும்பினதும் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஏழு தடவையும். றிஸ்னிக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொன்னேனா? எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. "நீங்க நல்லா இருக்கணும்னுதானே... நான் அழுதா உங்களுக்கு அங்க... அடப் பாவி மனுஷா, பதினாலு வருஷமா இப்படியா நெனச்சீங்க" என்று என்னவோ வந்தது. கையில் இருந்த சட்டை முழுவதும் நனைந்துவிட்டது. பிறகு சொல்லிவிட்டேன்.

"போகாதீங்க."

அவ்வளவுதான். சின்னச் சொல். கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"விசா போனா போனதுதான் ஸவாஹிரா. திரும்ப எடுக்கேலாது. யோசிச்சியா?"

"யோசிக்கல்ல. யோசிச்சா சொல்ல மாட்டேன்."

அஸர் தொழுகைக்கு எழுந்து போனார். சூட்கேஸ் பாதி நிறைந்தபடி கட்டிலில் கிடக்கிறது. மூடவும் மனம் இல்லை, எடுத்து அடுக்கவும் மனம் இல்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விமானத்துக்குக் கொழும்பு போவதானால் இன்றைக்கே வேன் வர வேண்டும். பின்னேரம் வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

செப்டெம்பர் 5, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனார். வந்தார். சோறு சாப்பிட்டார். போனை எடுத்து முதலாளியோடு அரபியில் பேசினார். ஒரு சொல் எனக்கு விளங்கவில்லை, ஆனால் குரல் உயரவே இல்லை. முடித்துவிட்டு முன்னறைத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். நாற்காலியில் இல்லை, தரையில். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்.

நான் பதின்மூன்றாம் திகதி வீட்டுக்காரருக்குப் போன் எடுத்து, அறுபதும் தரலாம் என்றேன்.

பயமாகவும் இருக்கிறது. இங்கே எழுதாமல் எங்கே எழுதுவது. அங்கே மாதம் முடிந்தால் சம்பளம் வந்தது, இங்கே பர்கர் எத்தனை நாளைக்கு ஓடும்? றிஸ்னியின் படிப்பு இருக்கிறது. யா அல்லாஹ், நான் கேட்டுத்தான் நின்றார்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

இன்று எங்களுக்குள் பெரிய சண்டை.

நேற்று அறுபதும் நல்லபடியாகக் கொடுத்தோம். அதைப் பார்த்து இன்று இன்னொருவர் இருபது கேட்டு வந்து வாசலில் நின்றார். அவருக்கு முன்னால் வைத்து இவர் சொல்கிறார், "அவ தட்டினத எடுக்காதீங்க, அவட கை சூடு, அமுக்கி அமுக்கிக் கல்லாக்கிருவா" என்று. வந்தவர் பல்லைக் காட்டுகிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "இது தம்மாம் இல்ல. இங்க யாரும் உங்கட கல்லு சுரண்டுற பொடியன் இல்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடைசிச் சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் தப்பு என்று தெரிந்தது. இவர் முகம் கறுத்துப் போயிற்று. ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்தார். இருபதையும் நானே தட்டி, நானே சுட்டுக் கொடுத்தேன். கல் மாதிரியெல்லாம் ஒன்றும் இல்லை.

கல்யாணமான இந்த இருபது வருடத்தில் இப்படி ஒரு சண்டை நாங்கள் பிடித்ததில்லை. அறுபது நாள் லீவில் வருகிறவரோடு யார் சண்டை பிடிப்பார்கள்? ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்தால் ஒரு நாள் நட்டம். கோபம் வந்தாலும் விழுங்கிவிட்டு, பின்னேரத்துக்குள் நான்தான் போய்ச் சிரித்துப் பேசுவேன்.

நான் சொன்னது பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்பேன். அவர் சொன்னதும் பிழை, அதற்கு அவர் கேட்கட்டும். அந்தி மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இன்னும் படிக்கட்டில்தான் இருக்கிறார். றிஸ்னி இரண்டு தடவை வந்து, "உம்மா, போய்ப் பேசுங்களேன்" என்றாள்.

போகவில்லை. அவசரம் இல்லை. இன்றைக்கு முடியாவிட்டால் நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், நாளைக்கும் கோபம் ஆறாவிட்டால் அதற்கு அடுத்த நாள்.